தவறான அரங்கநாயகம்

ஜூன் 8, ஞாயிறு

நொய்யல் நிழல் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மீது எனக்குள்ள குறைகள், தேதிவாரியாக. நாளை தட்டச்சு செய்து அனுப்புவதற்கு முன் இங்கே எழுதி வைக்கிறேன்.

1. ஜனவரி 19: நீச்சல் குளத்துக்கு லாரித் தண்ணீர் வாங்குவதும், அதே வாரத்தில் வீடுகளுக்கு ஒரு வேளைத் தண்ணீரை நிறுத்துவதும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று சங்கத்தின் வாட்ஸப் குழுவில் எழுதினேன். செயலாளர் சென்னியப்பன் பதிலாக ஒரு கட்டைவிரலை அனுப்பினார். கட்டைவிரல் பதில் ஆகாது.

2. பிப்ரவரி 23: மின்சாரக் கார்களுக்குச் சார்ஜ் ஏற்றும் கம்பத்தின் செலவு, கார் இல்லாதவர்கள் தலையிலும் சமமாகக் கட்டப்பட்டது. ஆட்சேபித்தேன். “காலம் மாறுது சார்” என்பதே விளக்கம்.

3. ஏப்ரல் 6: தங்கத்தின் விலை ஏறும்போது ஏழைக் குடும்பங்கள் கடனை எப்படி மாற்றி மாற்றி அடகு வைக்கின்றன என்று நான் எழுதிய குறிப்பு, நீளம் கருதி நீக்கப்பட்டது. அன்று குழுவில் வந்த காலை வணக்க ரோஜாக்களில் ஒன்றும் நீக்கப்படவில்லை.

4. மே 11: குடியிருப்புக்கென வாங்கிய புதிய செயலியில் அனைவரும் புகைப்படம் ஏற்ற வேண்டும் என்றார்கள். எதிர்ப்பைத் தெரிவித்துவிட்டே ஏற்றினேன்.

5. ஜூன் 7, காலை: அந்தப் புகைப்படத்தைக் கறுப்புக் கட்டத்துக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு குத்துவிளக்கை வரைந்து, நான் காலமாகிவிட்டதாகச் சங்கம் அறிவித்தது.

6. ஜூன் 7, முற்பகல்: நான் காலமாகவில்லை என்ற திருத்தம் பலூன்களுடன் வெளியானது.

7. ஜூன் 7, மாலை: எழுத்துமூலமான மன்னிப்பைக் கோரினேன். கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகம் ஒன்று வந்தது.

நடந்தது இதுதான். இந்தக் குடியிருப்பில் அரங்கநாயகம் என்ற பெயரில் இருவர் இருந்தோம். நான் ஏ பிளாக். மற்றவர் சி பிளாக், பம்ப் செட் வியாபாரம் செய்து ஓய்ந்தவர், எழுபத்தொரு வயது. நேற்று அதிகாலையில் இறந்தவர் அவர். சங்கத்தில் யாரோ செயலியில் பெயரைத் தட்டியிருக்கிறார்கள். அது முதலில் கிடைத்த அரங்கநாயகத்தின் முகத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறது. வயது எழுபத்தொன்று என்று கீழே தெளிவாக இருந்தது. எனக்கு ஐம்பத்தாறு. ஒருவருக்கும் ஐயம் எழவில்லை.

என் மனைவி சௌந்தரி அப்போது வீட்டில் இல்லை. வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க லேபுக்குப் போயிருந்தாள். ஏழரை மணியிலிருந்து என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. முதலில் எடுத்த அழைப்பில் ஒரு பெண்மணி, “அம்மா, மனசைத் தேத்திக்கங்க” என்றார். என் மரணத்துக்கான ஆறுதலை நானே பெற்றுக்கொள்ளும் வழக்கம் எனக்கில்லை. போனை அணைத்துவிட்டேன். பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் திறந்தேன். தவறிய அழைப்புகளைப் பாராமலேயே மொத்தமாக அழித்தேன்.

எட்டரை மணிக்கு ரோஜா மாலையுடன் ஒரு கூட்டம் வாசலில் நின்றது. நான் கதவைத் திறந்தேன். மாலையை ஏந்தியிருந்தவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

மகன் நவிலன் அழைக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

குறைப் பட்டியலைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். சங்க அலுவலகம் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் பதிவுத் தபால்.

லிஃப்டில் சென்னியப்பன் ஏறினார். நூல் மில்லுக்கு உதிரி பாகம் விற்பவர். ஊரே தன் வாடிக்கையாளர் என்ற பாவனை முகத்தில் எப்போதும் இருக்கும்.

“சார், இன்னும் கோவமாத்தான் இருக்கீங்களாட்ட இருக்குது.”

“கோபம் இல்லை. எழுத்துமூலம் கேட்டிருக்கேன்.”

“அட, ஆயுசு கெட்டிங்க சார் உங்களுக்கு. எங்க பெரியப்பாவுக்கு இப்படித்தான் பேப்பர்லயே வந்துருச்சு. அப்புறம் இருவது வருசம் இருந்து எல்லாத்தையும் அனுப்பிட்டுத்தான் போனாரு.”

“எனக்கு ஐம்பத்தாறு. போஸ்டர்ல எழுபத்தொண்ணு போட்டிருந்தது. படிக்காம எப்படி அனுப்பினீங்க?”

“நாங்க வயசு பாக்கலீங்க. மூஞ்சியப் பாத்தோம். கொஞ்சம் அப்படி…” என்று நிறுத்திக்கொண்டார். மூன்றாவது மாடியில் இறங்கிவிட்டார். அவர் வீடு ஐந்தாவதில்.

பிற்பகலில், எனக்கு வந்த இரங்கல்களை வகைப்படுத்தினேன். மக்களிடம் கருத்துக் கேட்பது இருபத்தெட்டு ஆண்டுகள் என் தொழிலாக இருந்தது. புள்ளியியல் படித்துவிட்டு ஆய்வு நிறுவனம் ஒன்றில் வினாப் பட்டியல் தயாரித்தேன். இந்தச் சோப்பு உங்களுக்குப் பிடிக்குமா, நாடு சரியான திசையில் போகிறதா, பக்கத்து வீட்டார் புதுக் கார் வாங்கினால் உங்கள் மனம் என்ன சொல்கிறது. முற்றிலும் உடன்படுகிறேன் என்பதில் தொடங்கி முற்றிலும் மறுக்கிறேன் என்பது வரை ஐந்து கட்டங்கள். மனிதர் எவரானாலும் அந்த ஐந்தில் ஒன்றுக்குள் அடங்குவார்.

பெரும்பாலானவை கூப்பிய கைகள். அவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. சொற்களால் ஆனவற்றில் குறிப்பிடத்தக்கவை:

“நல்ல மனிதர்.” எழுதியவர் பொருளாளர். என் வணக்கத்துக்கு ஒருமுறையும் தலையசைத்தவர் அல்லர்.

“எல்லா விஷயத்திலும் ஒரு கருத்து வைத்திருந்தவர். இனி குழு அமைதியாக இருக்கும்.” டி பிளாக் பல் மருத்துவர். இரண்டாவது வாக்கியத்தைத் துயரத்தில் சேர்ப்பதா நிம்மதியில் சேர்ப்பதா என்று தீர்மானிக்க முடியவில்லை.

“அங்கிள் ஸ்விம்மிங் பூல் மேட்டர்ல சொன்னது கரெக்ட்தான்.” இந்த ஆதரவு ஜனவரியில் தேவைப்பட்டது.

நான் உயிரோடு எழுதிய எந்தக் கருத்துக்கும் இத்தனை பேர் பதில் எழுதியதில்லை.

ஜூன் 10, செவ்வாய்

நாள் முழுவதும் தூறல். சௌந்தரி மாலையில் வழக்கம்போல் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள். இரண்டு துண்டுகளை எடுக்க ஒரு மணி நேரம். அவளுக்கு முழங்கால் வலி இருப்பதால் படிகளில் நேரமாகிறது என்று நினைக்கிறேன்.

ஜூன் 11, புதன்

அந்தப் போஸ்டர் இந்தக் குடியிருப்போடு நின்றுவிடவில்லை என்பது இன்று உறுதியானது. என் சித்தப்பா மகன் பொன்னுச்சாமி அதை ‘மேட்டுக்காடு சொந்தங்கள்’ குழுவுக்குக் கடத்தியிருக்கிறான். நவிலன் அந்தக் குழுவில் இருக்கிறான். அவன் அதில் எதுவும் எழுதுவதில்லை. ஆனால் வெளியேறவும் இல்லை.

பொன்னுச்சாமியை அழைத்தேன்.

“அண்ணா, தெரியாம அனுப்பிட்டேன். எத்தன தடவ மன்னிப்புக் கேக்கறது? காலுல வேணா விழட்டுமா?”

“அதெல்லாம் வேண்டாம். நீ அனுப்பின செய்தியை அமுக்கிப் பிடிச்சா யார் யார் பாத்தாங்கன்னு வரும். அதைப் படி.”

“எல்லாருமா?”

“எல்லாரும்.”

அவன் ஒவ்வொரு பெயராகப் படித்தான். மூலனூர் அத்தை, பெருந்துறை மாமா, யாரோ ஒரு புதுமாப்பிள்ளை. நான் இடைமறிக்கவில்லை. கடைசிக்குச் சற்று முன்பு, “நம்ம நவிலன், காலைல ஏழு அம்பத்திரண்டு” என்றான். பிறகு, “அண்ணா, பையன் கூப்பிட்டானா?” என்றான்.

“இந்தப் பட்டியலை எனக்கு எழுதி அனுப்பு” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆக, பார்த்திருக்கிறான். கறுப்புக் கட்டத்துக்குள் தந்தையின் முகத்தைப் பார்த்த பிறகும் ஒருவனால் சும்மா இருக்க முடிந்திருக்கிறது. களப்பணியில் நாங்கள் பின்பற்றிய விதி ஒன்று உண்டு. பதில் வராத வீட்டை மறுப்பு என்று குறிக்கக் கூடாது. கதவு பூட்டியிருக்கலாம், ஆள் குளித்துக்கொண்டிருக்கலாம், மறுபடியும் போக வேண்டும். இந்த விதி அந்நியர்களுக்கானது. பெற்ற மகனுக்கு இதைப் பொருத்த வேண்டிய கட்டாயம் எனக்கில்லை.

ஜூன் 12, வியாழன்

நவிலனைப் பற்றி இந்தக் குறிப்பேட்டில் இதுவரை எழுதியதில்லை. பதிவுக்காக எழுதுகிறேன்.

அவனும் புள்ளியியல் படித்தான். என்னைவிட நன்றாகப் படித்தான். சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. அந்த நிறுவனம் செயற்கை மனிதர்களை விற்கிறது. மக்களிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை. பழைய பதில்களை எல்லாம் கணினிக்குள் ஊட்டி, மேட்டுப்பாளையத்தில் வசிக்கும் நாற்பது வயது இல்லத்தரசி என்று ஒன்றை உருவாக்கினால், அது எந்தக் கேள்விக்கும் நொடியில் பதில் சொல்லும். அதற்குக் காலில் செருப்புத் தேயாது. வாசலில் நாய் துரத்தாது. வெயிலில் மயங்கி விழாது. எங்கள் நிறுவனம் அந்தச் சரக்கை வாங்கியது. களப்பணியாளர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். எனக்கு விருப்ப ஓய்வு அளிக்கப்பட்டது. என் விருப்பம் கேட்கப்படவில்லை.

விற்ற குழுவில் என் மகன் இருந்தான் என்பதை விற்பனை ஒப்பந்தத்தின் அடியில் இருந்த பெயர்களில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அந்தச் சிங்கப்பூர் நிறுவனத்தின் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவர்களுடைய முறையில் உள்ள ஏழு பிழைகளைச் சுட்டிக்காட்டியிருந்தேன். இன்ன பிழை, இன்னாருடைய பணியில், இன்ன பக்கத்தில். அந்தப் பணியில் சில பக்கங்கள் நவிலனுடையவை. பெயரைக் குறிப்பிடாமல் விடுவது நேர்மையாகாது. இயக்குநர்கள் அனைவருக்கும் நகல் அனுப்பினேன். அது முழுக்க முழுக்கத் தொழில்முறையான கடிதம். அதில் இருந்த ஒரு வாதத்தையும் இன்றுவரை எவரும் மறுக்கவில்லை.

அதன்பின் நவிலனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. “நீங்க எழுதினது எல்லாம் சரிதான்ப்பா.” அவ்வளவுதான். முற்றிலும் உடன்படுகிறேன் என்ற கட்டத்தில் சேர்க்கத்தக்க பதில். பிறகு பேசவில்லை. ஊருக்கும் வரவில்லை. உடன்பட்ட ஒருவன் பேச்சை நிறுத்துவதற்குக் காரணம் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

மிக்ஸி எரிந்துவிட்டது. உத்தரவாதக் காலம் மூன்று நாள் முன்பு முடிந்திருக்கிறது. தயாரிப்பாளர்கள் இதைக் கணக்கிட்டே செய்கிறார்கள் என்பது என் நெடுநாளைய கருத்து. சௌந்தரி, “கருத்த அப்புறம் சொல்லுங்க, சட்னிக்கு என்ன பண்றது?” என்றாள்.

ஜூன் 15, ஞாயிறு

தந்தையர் தினமாம். காலையிலிருந்து போனில் வாழ்த்துகள்: சட்டைக் கடை, கைக்கடிகாரக் கடை, முழு உடல் பரிசோதனை நிலையம், பத்து நிமிடத்தில் கொத்துமல்லி கொண்டுவரும் நிறுவனம். எல்லாரும் என்னை “அன்புள்ள அப்பா” என்று அழைத்திருந்தார்கள். இந்த நாள் இங்கே விலைபோகுமா என்று அறிய, ஒரு வாடிக்கையாளருக்காக நானே முன்பு வினாப் பட்டியல் தயாரித்திருக்கிறேன். ‘என் தந்தையிடம் அன்பை நேரில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது’ என்ற கூற்றுக்குப் பெரும்பாலோர் முற்றிலும் உடன்பட்டார்கள். கூச்சத்தைச் சட்டைத் துணியாக மாற்றி விற்கலாம் என்று பரிந்துரைத்தேன். பாராட்டுக் கிடைத்தது.

கீழே பூங்காவில் தந்தையரும் குழந்தைகளும் சாக்கில் கால்விட்டு ஓடும் போட்டி. சென்னியப்பன் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டிருந்தார். பால்கனிக் கதவைச் சாத்தினேன்.

மாலையில் சௌந்தரி கேசரி செய்தாள். காரணம் கேட்டேன். “ரவை வண்டு விழறதுக்குள்ள தீக்கணும்” என்றாள். முந்திரி போட்டிருந்தாள். வண்டுக்குப் பயந்து செய்யும் கேசரியில் அவள் முந்திரி போடுவதில்லை.

நவிலனிடமிருந்து எதுவும் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

ஜூன் 16, திங்கள்

சங்கம் இன்னும் பதில் எழுதவில்லை. ஒருவர் கையெழுத்தைவிட இருவர் கையெழுத்துக்கு எடை அதிகம் என்பதால், சி பிளாக்கில் இறந்தவருடைய மனைவியையும் புகாரில் சேர்க்கலாம் என்று அங்கே போனேன். உண்மையில் பாதிக்கப்பட்ட இன்னொரு தரப்பு அவர்தானே.

கூடத்தில் அந்த அரங்கநாயகத்தின் படம் இருந்தது. முன்னால் விளக்கு. அகலமான முகம், காதோரம் மட்டும் நரை, ஏதோ சொல்ல வந்து சிரித்துவிட்டவர் போல் இருந்தார். எனக்கும் அவருக்கும் எந்த ஒற்றுமையும் இல்லை.

அவர் மனைவி ருக்குமணி சுவரோரம் பாயில் அமர்ந்திருந்தார்.

“வாங்க சார். அந்தச் சேர்ல உக்காருங்க.”

“அன்னிக்கு வர முடியலைங்க.”

“தெரியுமுங்க. உங்க வீட்லயே கூட்டமாமா.” அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். “இவரு இருந்திருந்தா சிரிச்சே செத்திருப்பாரு. ‘சாவுலகூட எம்மூஞ்சியப் போட மாட்டேங்கறானுகளே ருக்கு’ன்னு. எல்லாத்துக்கும் சிரிப்புத்தான் அவருக்கு.”

இறுதிச் சடங்கு எப்படி நடந்தது என்று கேட்டேன்.

“நடந்துதுங்க. காலைல உங்களுக்குன்னு வந்துது. அப்புறம் உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு வந்துதா, எல்லாருக்கும் சந்தோசம். கீழ காபி குடுத்தாங்களாமா. அதோட அவிங்கவிங்க வேலையப் பாக்கப் போய்ட்டாங்க. அப்ப செத்தது யாருன்னு ஒருத்தருக்கும் கேக்கத் தோணலீங்க. எங்க ஊருச் சனம் வேன்ல வாரதுக்குள்ள வெயில் ஏறிருச்சு. லிஃப்ட்ல பொட்டி நுழையல. எம்பையன், அவங்கூட வேலை செய்யறவரு, செக்யூரிட்டி ரெண்டு பேரு. நாலு மாடியும் படில தூக்கிட்டு எறங்குனாங்க.”

நான் அந்நேரம் என் அறையில் குறைப் பட்டியலின் முதல் வரைவை எழுதிக்கொண்டிருந்தேன். சன்னல் அந்தப் பக்கம்தான்.

கூட்டுப் புகாரை எடுத்து நீட்டினேன். அவர் கையில் வாங்கவில்லை.

“எனக்கெதுக்குங்க சார் கடுதாசு?”

“கேட்டாத்தான் அவங்க பதில் சொல்லுவாங்க.”

“பதில் வந்து நான் என்னங்க பண்றது?”

இதற்கு என்னிடம் விடை இருந்தது. கொள்கை, முன்னுதாரணம், பொறுப்புக்கூறல். சொல்லத் தொடங்கும் முன்பு அவர் கேட்டார்: “உங்க பையன் வெளிநாட்டுல இல்லீங்? அப்பனுக்குன்னு படத்தப் பாத்ததும் பறந்தடிச்சு வந்திருப்பாரே. எம்பையன் ஓசூர்லருந்து வண்டில வாரதுக்குள்ள நாப்பது போனு. பாவம், எப்படித் துடிச்சாரோ. இருக்காரா, திரும்பிட்டாரா?”

“வந்துகிட்டிருக்கான்” என்றேன்.

கேட்பவர் விரும்பும் பதிலையே மக்கள் சொல்வார்கள் என்பது எங்கள் துறையின் முதல் பாடம். அந்தப் பதிலை ஒரு தள்ளுபடியுடன்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. எழுந்து வந்துவிட்டேன். வழக்கம் எனக்கு வசதியாக இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

குறிப்பிடத்தக்கது எதுவும் இல்லை.

ஜூன் 18, புதன்

மாலை மொட்டை மாடிக்குப் போனேன். இந்த வீட்டுக்கு வந்த பிறகு இது இரண்டாவது முறையாக இருக்கலாம். கொடிகள் எல்லாம் காலி. சௌந்தரி தண்ணீர்த் தொட்டியின் நிழலில், கவிழ்த்த வாளியின் மீது அமர்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டாள்.

“அவனா?”

“அவன்தான்.”

“எத்தனை நாளா?”

“எத்தன நாளா என்னங்க? பெத்தவ பேசாம இருப்பனா? தெனமும் பேசறன்.”

“எங்கிட்டச் சொல்லலை.”

“நீங்க கேக்கலை.”

காற்று அதிகமாக இருந்தது. அவள் சேலைத் தலைப்பை இழுத்து மடியில் செருகிக்கொண்டாள்.

“அன்னிக்கு அந்தப் படத்தைப் பாத்திருக்கான். பாத்தும் ஒரு போன் பண்ணலை. நீ தினமும் பேசற பையன்.”

“யாருங்க பண்ணலைன்னா?” அவள் குரல் உயரவில்லை. “மொதல்ல உங்களுக்குத்தான் அடிச்சான். விடாம அடிச்சிருக்கான். உங்குளுது ஆஃப். எம்போனு லேபுல பைக்குள்ள கெடக்குது, நான் ஊசி குத்தறதுக்கு வரிசைல உக்காந்திருக்கறன். அப்பன் எடுக்கலை, ஆத்தா எடுக்கலை, வெளக்கு வெச்ச படம் கையில இருக்குது. அவன் என்னன்னு நெனப்பான்?”

காலியான கொடியில் தங்கியிருந்த கிளிப் ஒன்றைக் கழற்றினேன்.

“வெளிய வந்து பாத்துட்டு நான் கூப்படறன். ஏர்போர்ட்ல நிக்கறான். டிக்கெட் எடுத்து, பொட்டியப் போட்டுட்டு, உள்ள போற வரிசைல. எடுத்த எடுப்புலயே, ‘அம்மா, நான் வந்தர்றன், அதுக்குள்ள எடுத்துராதீங்க, அப்பாவ வெச்சிருங்க’ன்னு அழுகறான். பக்கத்துல யாரோ தண்ணி குடுக்கற சத்தம் கேக்குது. எனக்கு ஒண்ணும் புரியலை. அப்புறம்தான் அந்தப் படத்தச் சொன்னான். ‘ஐயோ சாமி, அப்பாவுக்கு ஒண்ணுமில்லை, காலைல இட்லி பத்தலைன்னு சொல்லிட்டுத்தான் இருந்தாரு, நல்லாருக்காரு’ன்னேன்.”

“சரி.”

“அப்புறம் ஒரு சிரிப்பு. மூக்க உறிஞ்சிட்டு, ‘சரிம்மா. அப்ப நான் வரலை’ன்னுட்டான்.”

“வரலைன்னா?”

“வரலைங்க. பொட்டியத் திருப்பி வாங்கிட்டு ரூமுக்குப் போய்ட்டான். ‘டிக்கெட்டுத்தான் எடுத்தாச்சே, அப்படியே ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போடா’ன்னு நானும் கெஞ்சிப் பாத்துட்டன். ‘செத்துட்டாருன்னா வந்துதான் ஆகணும்மா. இருக்காருல்ல’ன்னான்.”

பயணச்சீட்டுக்கான தொகையைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டேன். அதைத்தான் கேட்டேன்.

சௌந்தரி என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, நான் கேட்காத ஒன்றையும் சொன்னாள். என் கடிதம் போய்ச் சேர்ந்த மாதத்தில் நவிலனுக்கு வேலை போயிருக்கிறது. அந்த நாட்டில் ஒரு மாதத்துக்குள் இன்னொரு வேலை கிடைக்காவிட்டால் கிளம்பிவிட வேண்டுமாம். கடைசி வாரத்தில் பாதிச் சம்பளத்துக்கு ஒன்று கிடைத்ததாம். அதுவரை அவன் அம்மாவிடம் தினமும் என்ன சாப்பிட்டான் என்று பொய் சொல்லியிருக்கிறான். அவளும் தினமும் நம்பியதாகப் பொய் சொல்லியிருக்கிறாள்.

“இதெல்லாம் ஏன் எங்கிட்டச் சொல்லலை?”

“சொன்னா அதுக்கும் ஒரு லெட்டர் போடுவீங்கன்னு அவன்தான் வேண்டாம்னான்.”

இவை எதுவும் உரிய காலத்தில் எனக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கை கொடுத்தேன். பிடித்துக்கொண்டாள்; படிக்கட்டுக்கு வந்ததும் விட்டுவிட்டாள்.

ஜூன் 19, வியாழன்

பல் துலக்கும்போது அந்த வாக்கியத்தின் அமைப்பை யோசித்தேன். செத்துவிட்டால் வந்தாக வேண்டும்; இருப்பதால் வர வேண்டியதில்லை. தர்க்கத்தில் பிழை இல்லை. நான் வளர்த்த பிள்ளை.

ஜூன் 20, வெள்ளி

சங்கத்தின் பதில் வந்தது. ரப்பர் முத்திரை, சங்கத்தின் சின்னம், செயலாளர் கையெழுத்து. “தங்களுக்கு ஏற்பட்ட மன உளைச்சலுக்கு நிபந்தனையின்றி வருந்துகிறோம்.” நான் கோரியபடியே எழுத்துமூலமாக, என் பெயரின் எழுத்துகள் எல்லாம் சரியாக. சென்னியப்பன் நேரில் கொண்டுவந்து கொடுத்தார்.

“இப்பத் திருப்திங்களா சார்?”

“சி பிளாக்காரருக்கு எப்ப இரங்கல் போடப் போறீங்க?”

அவர் தலையைச் சொறிந்தார். “இனிமே அரங்கநாயகம்னு பேரப் போட்டா, ரெண்டாவது தடவையும் நீங்கதான்னு நெனச்சு மாலையோட வந்துருவாங்க சார்.” பிறகு தன் பேச்சு தனக்கே உறைத்தது போல் நின்றார். “வயித்தெரிச்சலாத்தான் இருக்குதுங்க. அந்தம்மா மூஞ்சியப் பாக்க முடியலை. நானும் கீழ காபி குடிச்சவன்தான்.”

உள்ளே வரச் சொன்னேன். வேலை இருக்கிறது என்று போய்விட்டார்.

அந்தக் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். சௌந்தரி அதன் மீது சுண்டல் கிண்ணத்தை வைத்தாள். எடுக்கச் சொல்லவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

இன்று ஒரு கடிதம் எழுதினேன். முதலில் வேறுவிதமாகத் தொடங்கிப் பார்த்தேன். ‘அன்புள்ள’ என்பதற்கு அடுத்த சொல் நெடுநேரம் வரவில்லை. சட்டைக் கடைக்காரருக்கு அது எளிதாக வந்திருக்கிறது. எனக்குக் கைவந்த முறையிலேயே எழுதுவது என்று முடிவு செய்தேன். நகல் கீழே.

பெறுநர்: அ. நவிலன், சிங்கப்பூர்.

பொருள்: ஜூன் 7 அன்று தொடங்கிக் கைவிடப்பட்ட பயணம் குறித்து.

ஜூன் 7 முற்பகலில் நீ கோவைக்குப் பயணச்சீட்டு வாங்கியதாகவும், விமான நிலையத்தில் வரிசையில் நின்றதாகவும், நான் உயிரோடு இருப்பது தெரியவந்ததும் திரும்பிச் சென்றதாகவும் உன் அம்மா மூலம் அறிகிறேன். அறிவித்தவரின் நம்பகத்தன்மையில் எனக்கு ஐயமில்லை.

அந்தப் பயணம் இறந்த ஒருவரைப் பார்ப்பதற்கானது. இறந்தவர் இல்லை என்றானதும் அது ரத்தானது. இதில் முறைகேடு எதையும் நான் காணவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு உன் நிறுவனத்துக்கு நான் எழுதிய கடிதத்தில் ஏழு பிழைகளைக் குறிப்பிட்டிருந்தேன். அவை ஏழும் பிழைகளே. எட்டாவதாக ஒன்று அந்தக் கடிதத்திலேயே இருந்ததாக நீ கருதினால் எழுது. நான் மறுக்கப் போவதில்லை.

என்னிடம் ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. வரிசையில் நின்றபோது, என்னை எடுத்துவிட வேண்டாம், வைத்திருங்கள் என்று நீ அம்மாவிடம் கேட்டதாகத் தெரிகிறது. நேரத்தில் வந்து சேர்ந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? முகத்தைப் பார்த்திருப்பாய், காலடியில் சற்று நேரம் உட்கார்ந்திருப்பாய், ஏதேனும் சொல்லியிருப்பாய். அதை நான் கேட்கக் கூடிய நிலையில் இருக்கும்போதே சொல்வதற்கு உனக்குள்ள தடை என்ன? தடை நானே என்றால், எந்த அளவுக்கு என்று குறிப்பிடவும். ஐந்து கட்டங்கள் எதுவும் நான் கொடுக்கவில்லை. உன் சொற்களிலேயே எழுதலாம். எவ்வளவு நீளமானாலும் படிப்பேன்.

இக்கடிதத்தின் நகல் வேறு எவருக்கும் அனுப்பப்படவில்லை.

உன் பதில், எழுத்துமூலமாக, ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எனக்குக் கிடைத்தாக வேண்டும். வருவதாக இல்லை என்று எழுதினாலும், அது பதிலே.